பரமட்டா கிளப்பில் நீ பாடிய தேவாரம்

மச்சான்,

இன்று காலையில் கராஜில் கிடந்த நம் பழைய அம்பிளிஃபயரைப் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தூசி கருகும் அந்த மணம் வந்தது. சிட்னியிலேயே அப்படி மணக்கும் பெட்டி அது ஒன்றுதான். மணத்தோடு நீயும் வந்துவிட்டாய், பெல்பொட்டமும் கிருதாவுமாக. நீ செத்துப்போய் இரண்டு வருடமாகிறது என்பதே மறந்துபோயிற்று.

எழுபதுகளின் நடுவில் இந்த நகரத்தில் நம்மைப் போல றொக் அன்ட் றோல் வாசித்த தமிழர் குழு வேறு இருக்கவில்லை. நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. இருந்திருந்தால் அவர்களே பயந்து வந்து சொல்லியிருப்பார்கள். நீ கிற்றார், நான் ட்ரம்ஸ், மற்ற இருவரும் நாம் சொன்னதைச் செய்தவர்கள். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு கைவிட்டது, தாளம் கைவிடவில்லை.

பரமட்டா கிளப்பில் அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் நமக்குப் பரீட்சை. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் சனம் ஆட எழும்பினால் ஒவ்வொரு சனியும் நம்முடையது, எழும்பாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்று மனேஜர் சொல்லிவிட்டான். தோற்றால் கிற்றாரை விற்றுவிட்டு ஊருக்கே திரும்பப் போவதாக நீ சொல்லியிருந்தாய். அங்கே ஆயிரம் பேர். சரி, நூறு பேர். எல்லோரும் கதிரையில் பசை போட்டு ஒட்டியதுபோல் இருந்தார்கள்.

மேடையில் ஏறியதும் நீ என் காதுக்குள் சொன்னாய்: "முதல்ல ஒரு தேவாரம் பாடிப்போட்டுத் தொடங்குவம்."

"டேய் விசரா, இதென்ன கோயில் திருவிழாவோ? பியர் குடிக்கிற சனமடா!"

"கடவுள் வணக்கம் இல்லாமல் நான் ஒண்டும் தொடங்கிறதில்லை. நீ ட்ரம் கம்பைக் கீழ வை."

வைத்தேன். நீ கண்ணை மூடிப் பாடினாய். முன்னால் இருந்த கிழவர் ஒருவர், ஏதோ ஒரு நாட்டின் தேசிய கீதம் என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். அவர் மனைவி எழுந்தாள். பிறகு கிளப் முழுவதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றது. மனேஜரும் நின்றான். பாடி முடித்த நீ, ஒருவரும் உட்காருவதற்கு முன், என் பக்கம் திரும்பிக் கத்தினாய்: "இப்ப அடியடா!"

அடித்தேன். நின்றவர்கள் நின்ற இடத்திலேயே ஆடினார்கள். கிழவர் மனைவியைச் சுழற்றிய வேகத்தில் அவர் கையிலிருந்த தொப்பி ஜன்னலால் பறந்துபோய்ப் பக்கத்துப் பரமட்டா ஆற்றில் விழுந்தது.

பதினொரு சனிக்கிழமைகள் வாசித்தோம். பிறகு உனக்கு மெல்பேணில் வேலை கிடைத்தது, குழு முடிந்தது. ஆனால் நீ கிற்றாரை விற்கவுமில்லை, ஊருக்குத் திரும்பவுமில்லை.

இத்தனை காலமும் அந்தத் தேவாரம் என் யோசனை, பாடியதும் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தேன். உண்மையில் அன்று மேடையில் எப்படித் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. கம்பைக் கீழே வைக்கச் சொன்னாயே, அதுவே பெரிய உதவி. இன்று பின்னேரம் ஹரிஸ் பார்க் தேநீர்க் கடையில் பெடியங்களிடம் உள்ளதைச் சொன்னேன்.

"அங்கிள், நீங்கள்தானே பாடினது எண்டு போனமுறை சொன்னனீங்கள்?"

"அது பொய், தம்பி. பாடினது என்ர சிநேகிதன்."

"பாத்தியளே, அங்கிளுக்கு எவ்வளவு தன்னடக்கம்!"

கைதட்டினார்கள், மச்சான். மற்றதையெல்லாம் நம்பியவர்கள் இதை மட்டும் நம்பவில்லை. பரவாயில்லை, நம்பும்வரை சொல்வேன். இனியும் என் கதைகளில் எதையாவது கூட்டிச் சொல்லத்தான் போகிறேன், அது என் சுபாவம். ஆனால் பாடுகிறவன் நீதான்.