ஒரு பாடத்தில் மட்டும் பாஸானவனுக்கு

அண்ணா,

கையில் ஸ்பிரிட் வாசனை போகவே மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். இன்று செம்மேட்டு ஆஸ்பத்திரியில் அண்ணியின் விரலைக் குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தியவள் நான்தான். இந்த வாசனை வந்தாலே உன் கல்யாணம் நினைவுக்கு வருகிறது. மற்றவர்களுக்கு மல்லிகை, எனக்கு ஸ்பிரிட்.

போர்வெல் லாரியில் மாதக்கணக்கில் வடக்கே சுற்றுகிற பையனுக்குப் பெண் கொடுப்பதென்றால், முதலில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கச் சொல்வது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அண்ணியின் அப்பாவும் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "அதுக்கென்னங்க மாமா" என்று சொல்லிவிட்டு சேந்தமங்கலம் போய் ரத்தம் கொடுத்தாய். முழங்கை மடிப்பில் பஞ்சோடு வந்து இறங்கினாய். அந்த சர்ட்டிபிகேட்டை நிச்சயத்தன்று வெற்றிலைத் தட்டில் வைத்தது என் வேலை.

"போருக்குப் போன வீரன் திரும்பிட்டாருங்க. நெகட்டிவ் வாங்கிப் பாஸான ஒரே மனுசன் எங்கண்ணன்தானுங்க" என்றேன். அண்ணியின் அப்பாவே சிரித்துவிட்டார். நீ என் தலையில் குட்டினாய். "இவளக் கட்டிக்கப் போறவனுக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கோணுங்க. காது தாங்குமான்னு."

பிறகு எங்கோ ஒரு ரோட்டில் லாரி கவிழ்ந்தது. பிள்ளை உண்டானது உனக்குத் தெரியும். அது உதைப்பது தெரியாது.

உன் காரியம், துக்கம் என்று தள்ளிப்போய், அண்ணியைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனதே இன்றுதான். "ஒரே சொட்டு ரத்தம் கண்ணு" என்றார் நர்ஸ். "எச்.ஐ.வி., சிபிலிஸ்னு சொல்ற மேகநோய், மஞ்சக்காமாலையில ஒரு வகை, மூணையும் ஒண்ணாப் பார்த்துரலாம். கால் மணி நேரந்தான்."

அம்மா குறுக்கே வந்தாள். "எதுக்குங்க அதெல்லாம்? கல்யாணத்துக்கு முன்னாடியே எம்பையன் டெஸ்ட் எடுத்துட்டானுங்க. சர்ட்டிபிகேட்டே இருக்குது."

"அது ஒரு நோய்க்குத்தானுங்கம்மா."

"செத்தவனச் சந்தேகப்படறாப்பல இருக்குதுங்க."

அண்ணி விரலை நீட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் எங்களை வெளியே இருக்கச் சொன்னார். "அத்தையும் இருக்கட்டுங்க, எனக்கு ஒளிக்க என்ன இருக்குது" என்று அண்ணிதான் நிறுத்திக்கொண்டார். ரத்தச் சொட்டு விட்ட சின்ன பிளாஸ்டிக் பட்டையில் இரண்டு நோய்களுக்குக் கோடு இல்லை. மேகநோய்க்கான இடத்தில் கோடு விழுந்திருந்தது.

"பயப்படாதீங்க. ஊசியில சரியாப் போயிரும். வாரம் ஒண்ணு, மூணு வாரம். இன்னொரு டெஸ்டும் எடுப்போம், ஆனா மொத ஊசி இன்னைக்கே போட்டுரோணும். உட்டா கொழந்தைக்குப் போயிரும். வயித்துலயே தவறுனாலும் தவறிரும்."

அம்மா நர்ஸைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள். "எம்பையனுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?"

அண்ணி எழுந்துவிட்டார். "ஊட்டுக்குப் போலாங்க. எனக்கு ஊசி வேண்டாம். போட்டுக்கிட்டா நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிரும்."

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார், அண்ணா.

"அம்மா, அண்ணன் எழுதுனது ஒரே பாடம். மத்த ரெண்டுக்கும் பரீட்சையே எழுதல. எழுதாத பாடத்துக்கு நீயா மார்க் போடாத" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கையை ஓங்கினாள், அடிக்கவில்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் அண்ணியின் கையைப் பிடித்து ஊசி போடும் அறைக்குக் கூட்டிப் போனேன். வந்தார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துக் கேட்டார். "ஏங்கண்ணு, உங்கண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருந்தா உங்களையும் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டிருப்பாருங்க அண்ணி."

சட்டென்று சொல்லிவிட்டேன். நம்பித்தான் சொன்னேனா என்று உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒரு சமயம் நம்புகிறேன். இன்னொரு சமயம் உன் போட்டோவைத் திருப்பி வைக்கலாமா என்று இருக்கிறது. உன்னோடு சண்டை போடவாவது நீ இருந்திருக்கலாம்.

அம்மா அப்போதிலிருந்து என்னோடு பேசவில்லை. அடுத்த ஊசிக்கு வரவும் மாட்டாளாம். நான்தான் அண்ணியைக் கூட்டிப் போகவேண்டும். பஸ்ஸில் ஏறியதும் யாராவது கேட்பார்கள், எங்க கண்ணு போறீங்க என்று. உன்னைக் காட்டிக்கொடுக்காமல், அண்ணியையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு பதில் வேண்டும். வாயைத் திறந்தாலே பதிலோடுதான் திறப்பாள் இவள் என்பாயே. இதற்கு எனக்கு ஒன்றுமே வரவில்லை, அண்ணா.