குறைபாடு இல்லை

2024 பெப்ரவரி 18
கல்குவாரி, அவிசாவளைப் பக்கம்

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

வந்து எட்டு நாள். சுகமாக இருக்கிறேன், நுளம்பைத் தவிர வேறு எதிரி இல்லை. போன் எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். போனை வெளிக் கேட்டிலேயே வாங்கி மனேஜரின் லாச்சியில் பூட்டிவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் லீவு வரும்போதுதான் திருப்பித் தருவார்களாம். அதுவரைக்கும் லொறி ஓட்டுகிற தாஸிம் நானாதான் நமக்குத் தபால்காரர். சனிக்கிழமைகளில் கல் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வருவார்.

ஸ்டோர் கீப்பர் வேலை என்று சொல்லி அனுப்பினீர்கள். ஸ்டோரில் இருப்பது வெடிமருந்து என்று சொல்லவில்லை. பரவாயில்லை. இங்கே அதை மெகசின் என்கிறார்கள். தடித்த சுவர், உள்ளே மரத்தரை, இரண்டு இரும்புக் கதவு, இரண்டு பூட்டு. ஒரு திறப்பு என்னிடம், மற்றது மனேஜரிடம். தனியாக ஒருவனும் திறக்க ஏலாது. டெட்டனேட்டருக்கு மட்டும் தள்ளி ஒரு சின்ன அறை, சுற்றி மண்மேடு. கூரையில் இடிதாங்கி, அதிலிருந்து செம்புப் பட்டி ஒன்று சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போகிறது. வேலிக்குள் தீப்பெட்டி கூடாது, ஆணி அடித்த சப்பாத்து கூடாது. புல் அரையடி வளர்ந்தாலும் வெட்ட வேண்டும். அக்கா, இருபத்தேழு வயதில் என்னை ஒருவரும் இவ்வளவு கவனமாக வைத்திருந்ததில்லை.

சாப்பாடு குப்பாயி அம்மாவிடம். மலைநாட்டிலிருந்து வந்தவர், புருஷன் இருளப்பன் அண்ணன் பாறை துளைக்கிறவர். அம்மாவுக்கு நான் நம் ஊர்ப் பெயரில் "கொட்டாஞ்சேனை". நேற்று மெகசின் பக்கமிருந்து வரப் பிந்திவிட்டது. "ஏம்பா கொட்டாஞ்சேன, நீ சோறு திங்க வந்தா அந்த வெடி எந்திரிச்சி ஓடிப் போயிருமா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். இரண்டு அகப்பை சோறு கூடப் போட்டார்.

ஒரு சிக்கல். மெகசினை ஒவ்வொரு நாளும் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். சிங்களத்தில் எழுதட்டாம், பொலிஸ் வந்து பார்க்கிறதாம். கதைக்கச் சொன்னால் விடியும்வரை கதைப்பேன். எழுத எங்கே படித்தேன்? என்ன எழுதுவதென்று ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள்.

தம்பி,
தர்ஷன்


2024 பெப்ரவரி 25
கொட்டாஞ்சேனை

என் தம்பி தர்ஷனுக்கு,

மெகசின் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நீ போயிருப்பாயா? இரண்டு வருஷமாக வேலையில்லாமல் ஒழுங்கை முனையில் நின்றவன் நீ. முதலாளியிடம் உனக்காக எத்தனை தரம் கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அவரின் வெள்ளவத்தை ஒபிசில் அந்த மேசையில் பத்து வருஷம் இருக்கிறேன், அத்தான் இறந்த பிறகு என்னையும் மகளையும் சாப்பிட வைக்கிறது அந்த மேசைதான். "எங்கட ஆக்களுக்கு நாங்க குடுக்காம ஆர் குடுக்கிறது" என்று சொல்லித்தான் உன்னை எடுத்தார். நல்ல பெயர் எடு.

எதிர்வீட்டு ஹபீலா உன்னைக் கேட்டாள். கல் கம்பனியில் வேலை என்று மட்டும் சொன்னேன். கொச்சிக்கடைக் கோயிலில் ஈஸ்டர் அன்று குண்டு வெடித்து ஐந்து வருஷமாகப் போகிறது, நம் ஒழுங்கையிலிருந்தும் சவப்பெட்டி போனது. என் தம்பி வெடிமருந்துக்குக் காவல் இருக்கிறான் என்று இங்கே எந்த வாயால் சொல்வது?

நீ கேட்ட சிங்கள வசனத்தைத் தனித் துண்டில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். "இன்று பரிசோதிக்கப்பட்டது. குறைபாடு இல்லை" என்று அர்த்தம். திகதியை மாற்றி மாற்றி அதையே பார்த்து எழுது. சோறு எத்தனை அகப்பை என்று எனக்கு எழுத வேண்டாம், ஒழுங்காகச் சாப்பிடு, போதும்.

அக்கா
மலர்


2024 ஜூலை 7

அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று தாஸிம் நானா சொன்னார். இப்போது சுகமா?

இங்கே நான் நிம்மதியாக இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் இடிதாங்கியின் செம்புப் பட்டியைக் காணவில்லை. கூரையிலிருந்து மண்வரை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். செம்பு விற்கிற விலைக்கு ரயில்வே கம்பியையே விடாத நாட்டில் இதையா விடுவார்கள்? மனேஜரிடம் ஓடினேன். "மல்லி, கத்தாதே" என்று தம்பி முறை சொல்லி அடக்கினார். பின்னேரம் உடுப்புக் காயப்போடுகிற கம்பியை எடுத்து இடிதாங்கியில் முறுக்கி மண்ணில் குத்திவிட்டுப் போனார். நான் என்ன, சின்னப் பிள்ளையா?

மற்றது, மே மாதம் புதிதாக ஆட்கள் வந்தார்கள் என்று எழுதினேன் அல்லவா? அவர்களுக்கு அறை கட்டியது எங்கே தெரியுமா? டெட்டனேட்டர் அறையிலிருந்து என் காலடியில் எழுபது. வெறும் சீமெந்துக் கல் சுவர், மேலே தகரம். மெகசினுக்குக் கிட்ட ஆட்கள் குடியிருக்கவே கூடாது என்று சுவரில் ஒட்டிய தாளில் இருக்கிறது. குப்பாயி அம்மாவும் அங்கேதான் மாறியிருக்கிறார். சொன்னேன். "தம்பி, பழைய ரூம்ல மழ பேஞ்சா ஒழுகுது. இங்க ஒழுகல. வெடிக்கிறது வெடிக்கிறப்ப பாத்துக்கலாம்" என்கிறார்.

இது எல்லாம் புத்தகத்தில் ஏற வேண்டும். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மனேஜரிடம் கேட்டால் எழுதித் தருவாரா? அதனால் நீங்கள் தந்த வசனத்தையே எழுதிக்கொண்டிருக்கிறேன். செம்பு போன அன்றும் அதைத்தான் எழுதினேன். செம்பு களவு போனது, அறை கிட்ட இருக்கிறது, இந்த இரண்டையும் சிங்களத்தில் எழுதி அனுப்புங்கள். முதலாளியிடமும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

தர்ஷன்


2024 ஓகஸ்ட் 11

தம்பிக்கு,

மகளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தேன். இப்போது வீட்டில் இருக்கிறாள்.

நீ சொன்னதை முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். "மலர், செம்பு மாத்தத்தான் வேணும், நவம்பருக்குள்ள மாத்துவம். இப்ப லைசன்ஸ் புதுப்பிக்கிற நேரம். குறை எழுதினா மெகசினைப் பூட்டுவாங்கள். பூட்டினா முதல்ல ஆற்ற வேலை போகும்? உன்ர தம்பின்ர" என்றார். 

லைசன்ஸ் படிவத்தை நான்தான் டைப் செய்தேன். முப்பத்தொரு கேள்வி. இடிதாங்கி உண்டா, உண்டு. குடியிருப்புகள் போதிய தூரத்தில் உண்டா, உண்டு. கடைசியில் மெகசின் கீப்பரின் கையெழுத்து வேண்டும். தாஸிம் நானாவிடம் தந்திருக்கிறேன். பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் போடு. வாசித்து மனதைக் குழப்பாதே. நவம்பர் என்றால் மூன்று மாதம்தானே?

நீ கேட்ட வசனங்களை இப்போதைக்கு அனுப்பவில்லை. படிவத்தில் ஒன்றும் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தால் பிரச்சினை. இதுவரை எழுதியதையே எழுது.

உன்னை நினைத்தபடி,
அக்கா


2024 ஓகஸ்ட் 25

அக்காவுக்கு,

போட்டேன். வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

லைசன்ஸுக்குப் பரிசோதிக்க வந்தவர் மனேஜரின் அறையில் சாப்பிட்டார், வேலிக்கு வெளியே நின்று இரண்டு படம் எடுத்தார், போனார். ஒக்டோபரில் இந்தப் பக்கம் பின்னேரத்தில் இடி விழாத நாளே இல்லை என்று இருளப்பன் அண்ணன் சொல்கிறார். முதலாளியின் நவம்பர் அதற்குப் பிறகுதான் வருகிறது.

தர்ஷன்


2024 நவம்பர் 3
விளக்கமறியல் சிறைச்சாலை

அக்காவுக்கு,

இங்கே கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் லீவில் நின்றால் கடிதமும் நிற்கும். அதனால் இதை அவர்களிடம் கொடுக்காமல் தாஸிம் நானாவின் கையில் இரகசியமாகத் தருகிறேன்.

நீங்கள் இரண்டு தரம் வந்தும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதீர்கள். ஒன்றும் கதைக்க முடியவில்லை. நடந்ததை இப்போது சொல்கிறேன். அந்த ஒக்டோபர் பின்னேரம் நாலு மணிக்கு வானம் இருண்டது. முழங்கத் தொடங்கியதுமே வேலிக்குள் இருந்தவர்களையும் அறைகளில் இருந்தவர்களையும் கல் உடைக்கிற மெஷின் பக்கம் விரட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாரும் வந்தார்கள். குப்பாயி அம்மாவும் வந்தார். அடுப்பில் நாற்பது பேரின் சோறு, கரிந்தால் எல்லாரும் பட்டினி என்று திரும்பிப் போனார். பின்னால் ஓடினேன், பாதி வழிதான் போனேன். இடி விழுந்து டெட்டனேட்டர் அறை வெடித்தது. மண்மேடு பெரிய மெகசினைக் காப்பாற்றியது. அந்தச் சீமெந்துக் கல் சுவரை ஒன்றும் காப்பாற்றவில்லை. அது அப்படியே அம்மா மேல் சாய்ந்தது. நானும் இருளப்பன் அண்ணனும் கையால்தான் கல்லைப் புரட்டினோம்.

விசாரித்த அதிகாரி என் அடையாள அட்டையைப் பார்த்தார். தமிழன், கொட்டாஞ்சேனை, வெடிமருந்து. மூன்றையும் சேர்த்து வாசித்ததும் என்னைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் யாருக்கு டெட்டனேட்டர் கொடுத்தாய் என்றுதான் கேட்டார்கள். கணக்கு சரியாக இருந்ததால் அதை விட்டார்கள். அடுத்தது செம்பு. இடிதாங்கியில் உடுப்புக் கம்பி இருக்கிறது. புத்தகத்தில் வெடித்த நாள் காலைவரை குறைபாடு இல்லை என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அப்படியென்றால் செம்பைக் கழற்றி விற்றுவிட்டுக் கம்பியைக் கட்டியது நான்தானாம். மனேஜர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஒரு உயிர் போனதற்கும் நான்தான் பொறுப்பு.

நான் சொன்னதற்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உங்களுக்கு எழுதிய கடிதங்கள். நீங்கள் ஒரு துண்டையும் எறிகிற ஆள் இல்லை. செம்பு ஜூலையில் போனது அதில் திகதியோடு இருக்கிறது. ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள் அக்கா. நீதிமன்றத் தவணைக்கு முதல் கொண்டுபோங்கள்.

தர்ஷன்


2024 நவம்பர் 24
கொட்டாஞ்சேனை

தம்பி,

இதைத் தபாலில் போடவில்லை. தவணையன்று தாஸிம் நானா எப்படியாவது உன் கையில் சேர்ப்பார்.

கடிதங்களை எடுத்துக்கொண்டு அளுத்கடை நீதிமன்றப் பக்கம் போனேன். லுத்பியா என்று ஒரு சட்டத்தரணி, நல்ல மனுஷி. பதினொரு கடிதத்தையும் வாசித்தார். "தம்பிய வெளிய எடுக்க இது போதும்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது. அதற்குப் பிறகு ஜூலைக் கடிதத்தை மறுபடி எடுத்தார். "செம்பு போனது இவருக்குத் தெரியும். எழுதினதால ஒங்களுக்கும் தெரியும். ஓகஸ்ட்ல படிவத்த டைப் பண்ணினது யாரு?" என்று கேட்டார். நான் என்றேன். பேனையைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப இத நீதிமன்றத்தில குடுத்தா ஒங்களையும் எடுப்பாங்க. யோசிச்சிட்டு வாங்க. ரெண்டு நாள் யோசிங்க, ரெண்டு மாசம் யோசிக்காதீங்க" என்றார்.

அவர் சொல்லி இன்று பதினாறு நாள்.

முதலாளியும் கூப்பிட்டார். கடிதம் இருப்பது அவருக்குத் தெரியாது. நீ கவனயீனம் என்று ஒத்துக்கொண்டால் தானே ஒரு லோயரைப் பிடித்துத் தருகிறாராம், தண்டனை குறையுமாம். எனக்கு வேலை இருக்குமாம். மகளுக்கு அடுத்த வருஷம் ஓ.எல். சோதனை. நான் உள்ளே போனால் அவளை யார் பார்ப்பது? அத்தானின் ஆட்கள் ஒருவரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, உனக்குத் தெரியும். நீ தனி ஆள், இளம் வயது, வெளியே வந்து தொடங்கலாம் என்று சொல்ல வரவில்லை. அப்படி நினைக்காதே.

முடிவை உன்னிடமே விடுகிறேன். நீ கொடு என்றால் கொடுக்கிறேன்.

அக்கா


2024 டிசம்பர் 8

அக்காவுக்கு,

முடிவை என்னிடம் விட்டிருக்கிறீர்கள். அன்றைக்குப் பென்சிலால் புள்ளடி போட்டு அனுப்பினீர்கள். இந்தக் கடிதத்திலும் போட்டிருக்கிறீர்கள், கண்ணுக்குத்தான் தெரியவில்லை. கொடு என்றால் கொடுக்கிறேன் என்கிறவர் பதினாறு நாள் காத்திருக்க மாட்டார்.

இருளப்பன் அண்ணன் வந்தார். "நீதான் தம்பி கத்துன, அவதான் கேக்கல" என்றார். அதை நீதிமன்றத்தில் சொல்லச் சொன்னேன். எழும்பிப் போய்விட்டார். புதிய அறையைக் கம்பனிதான் கொடுத்திருக்கிறது, வேலையும் கம்பனிதான். அவரை நான் குறை சொல்லவில்லை. ஒரு உண்மையைச் சொல்ல இந்த நாட்டில் முதலில் சொந்தமாக ஒரு கூரை வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவரிடமும் அது இல்லை. முதலாளியிடம் மூன்று இருக்கிறது. அவர் இன்னும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறார், அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த தவணையில் ஒத்துக்கொள்ளப் போகிறேன். முதலாளியின் லோயர் வேண்டாம். யாருக்கும் நான் கடிதம் எழுதியதில்லை, யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை என்று சொல்வேன். மகளுக்காகச் செய்கிறேன். உங்களுக்காக என்று நினைத்துவிடாதீர்கள், மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துவிடாதீர்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் அழுததை உண்மை என்றுதான் இப்போதும் நம்புகிறேன். அதுதான் கூடச் சுடுகிறது.

பதினொன்றையும் எரித்துவிடுங்கள். தாஸிம் நானாவின் கையில் வருகிற இதையும் சேர்த்து. தாஸிம் நானா நின்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுவார்.

இனி எழுத வேண்டாம். நீங்கள் எழுதினால் நான் பதில் எழுதுவேன், என்னைத் தெரியும்தானே. அப்புறம் மறுபடி கடிதம் என்று ஒன்று இருக்கும். தவணைக்கும் வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் என் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும்.