ஷார்ஜாவிலிருந்து பெருங்கடவிளை வழியாக

மக்கா, இன்று விமான நிலையத்தில் என் வாடகைக் காரில் ஏறிய ஒருவன் உன் சென்டையே அடித்திருந்தான். கண்ணாடியை இறக்கிவிட்டும் வாசனை போகவில்லை. ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் நாலு மணி நேரம், அங்கிருந்து பாறசாலை ஒரு மணி நேரம் என்று எனக்கே கணக்குச் சொன்னான்.

தொண்ணூறுகளில் நீ லீவில் வரும்போதெல்லாம் இதே சாலையில் உன்னை ஜீப்பில் பாறசாலை வீட்டுக்குக் கூட்டிவந்தவன் நான். கடலைத் தாண்டி ஒழுங்காக வந்துவிடுவாய். தரையில் இறங்கிய பிறகுதான் என் உயிரை எடுப்பாய். பெருங்கடவிளையில் உன் பெரிய அக்கா வீடு. அது நம் வழியிலேயே இல்லை. நெய்யாற்றின்கரையில் திரும்பி அங்கே போய், சாயா குடித்து, பெட்டிக் கயிற்றை அவிழ்த்து, அவளுக்கு உள்ளதை எடுத்துக் கொடுத்து, மறுபடி கட்டி ஏற்றவேண்டும். பிறகு உதியன்குளங்கரையில் திரும்பி தனுவச்சபுரத்துச் சின்ன அக்கா. கூடப்பிறந்தவள் வீட்டில் கால் வைக்காமல் சொந்த வீட்டுக்குப் போகக் கூடாதாம், உங்கள் குடும்பத்துச் சட்டம். நாளைக்குப் போய்ப் பார்த்தால் என்ன என்று தொண்டை வறளக் கேட்டிருக்கிறேன்.

“நாலு மணிக்கூறு பறந்து வந்தாச்சு மக்கா, இனி என்ன அவசரம்?” என்பாய்.

அவசரம் உன் அம்மாவுக்கு. நீ வந்து சேரும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். சர்க்கரை நோய் உள்ள உடம்பு. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆறிக் கிடக்கும், அவர் கை நடுங்கிக்கொண்டிருக்கும். திட்டு மட்டும் எனக்கு. பிளேன் எப்போதோ இறங்கியாயிற்றே, உனக்கு நேர்வழி தெரியாதா என்று பிடித்துக்கொள்வார். நீ பின்னால் நின்று சிரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசித் தடவையும் அதே நாலு மணி நேரம்தான். ஆனால் அங்கே தூக்கத்திலேயே போய்விட்ட உன்னை, காகிதமெல்லாம் சரிசெய்து பிளேனில் ஏற்றிவிடுவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. ஆம்புலன்சில் டிரைவர் பக்கத்தில் வழிகாட்ட நான். அக்காக்கள் இருவரும் பாறசாலை வீட்டில் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். இருந்தும் நெய்யாற்றின்கரை வந்ததும் திரும்பச் சொன்னேன். பெருங்கடவிளையில் பூட்டிக் கிடந்த வீட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். வழியில்லாத வழியில் ஏன் இழுத்தடிக்கிறாய் என்று டிரைவர் சலித்துக்கொண்டான். உன்னிடம் நான் கத்தியதையெல்லாம் அவன் என்னிடம் கத்தினான். தனுவச்சபுரத்திலும் நிறுத்தினேன்.

வாசலில் உன் அம்மா நின்றார். வழக்கமான திட்டுக்குத் தயாராகத்தான் இறங்கினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“ரெண்டு வீட்டுலயும் நிறுத்தினியா மக்கா?”

நிறுத்தினேன் என்றேன். அதன் பிறகுதான் அவர் உன் பக்கம் திரும்பினார்.

இன்றும் நெய்யாற்றின்கரைத் திருப்பத்தில் என் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. ஏன் அண்ணே நிறுத்துறீங்க, வீட்டுல காத்திருக்காங்க என்றான் அவன். நீ போய் இத்தனை வருஷம் ஆயிற்று, இன்னும் என்னை நேரே ஓட்ட விடமாட்டாயா என்று உன்னை மனசுக்குள் திட்டினேன். பிறகு அவனிடம் கேட்டேன்.

“உனக்கு அக்கா உண்டா?”