முச்சந்தி ஷூ

மார்ச் 3

அன்புள்ள என்னங்க,

நானும் தையல் மெஷினும் ஓடிக்கிட்டிருக்கோம். உங்க உடம்பு எப்படி இருக்கு? நீங்க நிறுத்தின தலைகீழ் குதிரைச் சிலையைப் பத்தி எழுதியிருந்ததை, வெளியூர்ல வேலை பார்க்கிற மகள் வந்தப்போ வாசிச்சுக் காட்டினேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. நாலு காலும் வானத்தைப் பார்க்கிற குதிரை வேணும்னு எவனோ கேட்டானாம், அதைத் தூக்கி வைக்க நீங்க கிரேனோட போனீங்களாம்!

ஒரு சேதி. நம்ம ஊர் முச்சந்தியில நீங்க நிறுத்தின அந்தப் பெரிய ஷூ சிலையை எடுக்கப்போறாங்க. மேம்பாலம் வருதாம். சட்டை தைக்க வந்த நகராட்சி எஞ்சினியர் சொன்னார். முழுசாத் தூக்க முடிஞ்சா பூங்காவுல வைப்பாங்க, இல்லேன்னா ஜூன்ல வெட்டித் துண்டு போட்டுடுவாங்க. நுனிக்கால்ல நிக்கிற அந்த இரும்பை எங்கே கட்டித் தூக்கணும்னு இங்கே ஒருத்தருக்கும் தெரியலை.

அது கிடங்குல படுத்துக் கிடந்தப்போ நீங்க அளவெடுத்துக் குடுத்தீங்க. நானும் நம்பி அதை மூடுற திரைத்துணி தைச்சேன். திறப்பு விழா அன்னைக்கு நிமிர்த்தி நிறுத்தினா, பாதிக்குத்தான் வந்துது, பாவாடை கட்டின மாதிரி. இப்ப நினைச்சாலும் சிரிப்பு தாங்கலை. வந்து தூக்குங்க. அப்படியே வீட்லயும் இருங்க. தனியா இருந்து அலுத்துப்போச்சு.

உங்க தையற்காரி

ஏப்ரல் 9

அன்புள்ள தையற்காரிக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் மேலயே படிச்சேன். கீழே கயிறு கட்டுறவன் தொண்டை கிழியக் கத்தினான், கத்தட்டும்னு விட்டுட்டேன்.

திறப்பு விழா அன்னைக்கு ஊரே சிரிச்ச ஆத்திரத்துல உன் கடைக்குச் சண்டை போடத்தான் வந்தேன். நீ தலையைக்கூடத் தூக்காம, "படுத்திருக்கும்போது அளவெடுத்துட்டு, நிக்கும்போது ஏன் பத்தலைன்னு கேட்டா நான் என்ன பண்ண?"ன்னே. டீ வாங்கிக் குடுத்து உட்கார வெச்சே. அந்த மாதிரி ஒரு சாயங்காலம் அப்புறம் எனக்கு எந்த ஊர்லயும் கிடைக்கலை.

ஷூவை வேற எவனையும் தொட விடாதே. பாரமெல்லாம் குதிகால் பக்கம் இருக்கு, தெரியாதவன் தூக்கினா கவிழ்த்துடுவான். மே கடைசியில வர்றேன். இந்தத் தடவை நிச்சயம்.

உன் கிரேன்காரன்

மே 28

அன்புள்ள தையற்காரிக்கு,

கோபப்படாதே, முழுசாப் படி. இங்கே ஒரு பெரிய குடைச் சிலை வைக்கிறாங்க. விரிச்ச குடை, கைப்பிடி மேலே. மழை பெய்ஞ்சா உள்ளே குளம் மாதிரி தண்ணி நிக்கும். இப்படி ஒண்ணு உலகத்துலயே இல்லையாம். என்னை விட்டா ஆள் இல்லைன்னு முதலாளி கையைப் பிடிச்சுக்கிட்டார். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஷூவை எங்கெங்கே கட்டணும்னு படம் போட்டு இதோட வெச்சிருக்கேன். எஞ்சினியர்கிட்டே குடு. குடை முடிஞ்சதும் ஒரேயடியா வந்துடுவேன். நீ இல்லாம எனக்கு யார் இருக்கா?

உன் கிரேன்காரன்

ஜூன் 16

அன்புள்ள உங்களுக்கு,

படத்தைக் குடுத்தேன். கடையைச் சாத்திட்டு முச்சந்திக்குப் போய் நின்னேன். கிரேன் ஓட்ட ஒரு பொண்ணு வந்திருந்தா. நம்ம மகள் வயசுதான் இருக்கும். படத்தை ரெண்டு தடவை பார்த்தா, நீங்க சொன்ன இடத்துல கட்டினா, தூக்கினா. ஒரு கீறல் இல்லை. இப்போ பூங்காவுல பிள்ளைங்க அதுல சாய்ஞ்சுக்கிட்டு விளையாடுறாங்க.

எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். நீங்க வந்தாத்தான் நடக்கும்னு நான் நம்பிக்கிட்டிருந்த வேலை, நீங்க வராமலே அரை நாள்ல முடிஞ்சுபோச்சு. கடைக்குத் திரும்பி வந்து மெஷின் மேல தலையை வெச்சு அழுதேன். ஷூவுக்காக இல்லை.

உங்க மேல இப்போ கோபம் இல்லைங்க. தேடிப் பார்த்தேன், கொஞ்சம்கூட இல்லை. அதுதான் பயமா இருந்துது. குடையை நல்லபடியா நிறுத்துங்க. காத்து அடிக்கும்போது மேலே ஏறாதீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வர்றதுன்னா உங்களுக்காக வாங்க. நான் காத்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டு வராதீங்க.

இத்தனை வருஷமும் உங்களுக்கு இடம் விட்டுக் கட்டில் ஓரத்துலதான் படுத்தேன். போன வாரத்துல இருந்து நடுவுல படுக்கிறேன். நல்லாத் தூக்கம் வருது.

இப்படிக்கு,
தையற்காரி