தூவி சந்தேகப்பட்ட காளான்

செப்டம்பர் 14, ஞாயிறு
ஏரிக்கு அப்பாலுள்ள காட்டில் தங்கை தூவியோடு குழிந்த பழுப்புத் தொப்பியுள்ள புனல் காளான் இரண்டு கூடை பறித்தேன். சுத்தம் செய்யும்போது ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். “இர்யாக்கா, இது மட்டும் செங்கல் நிறமா இருக்கே?”

நான் நடத்தும் காளான் அடையாள வகுப்புக்காரிகள் இருவர் காபிக்கு வந்திருந்தார்கள். “இருபது வருஷமா ஊருக்கே பாடம் எடுக்கிறேன். நீ வெங்காயத்தை நறுக்குடி” என்றேன். சிரித்தார்கள். தூவியும்தான்.

அவர்கள் போனபின் வெண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்கோடு இருவரும் சாப்பிட்டோம். நல்ல ருசி.

செப்டம்பர் 19
மழை. வகுப்புக்குப் பன்னிரண்டு பேர்.

செப்டம்பர் 23
தூவி போனில்: “எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்கலக்கா. இடுப்பு வேற வலிக்குது.”

சளிக்காய்ச்சலாக இருக்கும் என்றேன். போனை வைத்ததும் நாட்களை எண்ணினேன். ஒன்பது நாள். செங்கல் நிறக் காளானின் நஞ்சு மெதுவாகத்தான் சிறுநீரகத்தைத் தின்னும் என்று வகுப்பில் சொல்பவளே நான்தானே.

ஆனால் நானும்தானே சாப்பிட்டேன்? எனக்கு ஒன்றுமில்லையே? அந்த ஒன்று அவள் தட்டில் மட்டும் விழுந்திருந்தால்?

செப்டம்பர் 24
அவளைக் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 26
ஆஸ்பத்திரி. தூவிக்குச் சிறுநீர் நின்றுவிட்டது.

“காளான் சாப்பிட்டீங்களா? யார் பறிச்சது?” என்றார் டாக்டர்.

“நான்தான் பறிச்சேன். எனக்கு அவ்வளவா அடையாளம் தெரியாது” என்றாள் தூவி.

நான் அவள் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். போர்வையை! வாய்ல ஒரு வார்த்தை வரலையே. அடிப் பாவி இர்யா, ஒரே ஒரு வார்த்தை.

அக்டோபர் 2
கடையில் ஒருத்தி: “பாவம் உங்க தங்கச்சி. கூடவே நீங்க இருக்கீங்க, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3
வகுப்பில் சொல்லிவிட்டேன். “அவ கேட்டா. நான் திரும்பிக்கூடப் பார்க்கல.” அன்று காபிக்கு வந்த இருவரும் தரையைப் பார்த்தார்கள். வகுப்பு இனி இல்லை. டாக்டரிடமும் போனில் சொன்னேன்.

அக்டோபர் 11
நான் சொன்னது தூவிக்குத் தெரிந்துவிட்டது. கோபம்.

“உன்னைக் காப்பாத்தவா டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னேன்? எனக்கே வெக்கம். சந்தேகம் இருந்தும் எல்லாரும் சிரிச்சதும் நானும் சிரிச்சிட்டு நறுக்கிட்டேனேன்னு.”



டிசம்பர் 5
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்தான் காரில் கூட்டிப்போகிறேன்.

“பாலம் வேண்டாம், பனி உறைஞ்சு வழுக்கும். சர்ச் பக்கமாப் போ” என்றாள் தூவி.

பாலம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சர்ச் பக்கம் திருப்பினேன்.