லேமினேஷன் போட்ட மருந்துச் சீட்டு

அத்தை,

இன்று காலை சோறு கொதிக்கும்போது, பானை மூடியின்மேல் உங்கள் புடவைத் துண்டை நனைத்துப் பிழிந்து போட்டேன். கத்தரிப்பூ நிறத்தில் இருந்த நூல் புடவை. துவைத்துத் துவைத்து இப்போது அதற்கு நிறமென்று ஒன்றும் இல்லை. ஆவி பட்டதும் நூலும் கஞ்சியும் கலந்த அந்த வாசனை எழும்பியது. கண்ணை மூடி அந்தத் துணியை வைத்துக்கொள்ளும் பத்து நிமிடம்தான் ஒரு நாளில் எனக்குக் கிடைக்கும் ஓய்வு. "பாருங்கடா, மருமவ படுத்துகினு கீறா, மாமியா சமைக்கிறா" என்று நீங்கள் கிண்டல் செய்வதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். இப்போது அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கவேண்டியிருக்கிறது.

ஊரப்பாக்கத்திலிருந்து இந்த வீட்டுக்குச் சீரோடு சேர்த்துச் சிவந்த முகத்தையும் கொண்டுவந்தேன். கல்யாண ஃபோட்டோவில் என் கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து எல்லோரும் வெட்கம் என்றார்கள். இரண்டு வருடம் கழித்தும் சிவப்பு போகவில்லை. வெட்கம் மட்டும் போய்விட்டது. தாம்பரத்தில் இன்சூரன்ஸ் அலுவலக வேலை. தலைக்கு நேரே ஏசி, எதிரே கம்ப்யூட்டர். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். காற்று பட்டால் போதும், கன்னத்தில் தண்ணீர் வழியும்.

பீர்க்கன்கரணையில் நம் தெரு பழைய தெரு. ஏரித் தண்ணீரில் நெல் போட்ட காலத்திலிருந்து ஒரே குடும்பங்கள். ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். எதிர்வீட்டுச் சரோஜா அக்கா ஒருநாள் ரேஷன் வரிசையில், எல்லோர் காதிலும் விழும்படி உங்களைக் கேட்டிருக்கிறார்: "இன்னா பண்றே உன் மருமவள? எப்பப் பாத்தாலும் கண்ணத் தொடச்சிகினே வேலைக்குப் போவுது?"

யாருக்கும் பதில் பாக்கி வைக்காத நீங்கள் அன்று வாயே திறக்கவில்லையாம். வீட்டுக்கு வந்து சர்க்கரைப் பையை வைத்த கையோடு உங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"வூட்டுக்கு வந்த பொண்ண அழ வச்சினு, நீ சட்ட இஸ்திரி போடறியா?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா!"

"அப்ப நான் பண்ணனா?" என்று என் பக்கம் திரும்பினீர்கள். "நீயே சொல்லும்மா. நான் உன்ன இன்னா பண்ணேன்?"

"அத்தை, நான் அழலை. கண்ணு எரியுது, அவ்ளோதான்."

நீங்கள் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசினீர்கள். உங்கள் கோபத்தைத் தாங்கிவிடலாம், அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தீர்கள். எல்லாம் உடம்புச் சூடு. கண் சிவந்தால் சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி. நம்மில் யாருக்கு இதில் சந்தேகம் வரும்? உச்சந்தலையில் விளக்கெண்ணெய், வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல், காலையில் நீராகாரம். படுத்தால் இமைமேல் நந்தியாவட்டைப் பூ, அதன்மேல் ஐஸ்தண்ணீரில் நனைத்த துணி. கண் மேலும் மேலும் கெட்டுப்போனது. உங்களுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒன்று மட்டும் நீங்கள் அறியாமலே சரியாகச் செய்தீர்கள். குழம்பில் மிளகாயைக் குறைத்தீர்கள். காரக் குழம்பு இல்லாமல் ஒரு வாய் இறங்காத நீங்கள் எனக்காக மாதக்கணக்கில் சப்பென்று சாப்பிட்டீர்கள். அந்த நாட்களில்தான் முகம் கொஞ்சம் ஆறியிருந்தது.

கடைசியில் கண் டாக்டரிடம் போனபோது நீங்களும் கூட வந்தீர்கள். டாக்டர் என் கண்ணைப் பார்ப்பதற்கு முன் கன்னத்தையும் மூக்கையும் பார்த்தார். ரோசேசியா என்றார். முகத்துத் தோலில் வருவது, கண்ணையும் பிடித்திருக்கிறது. இமை ஓரத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டன. எண்ணெய் இல்லாததால் கண்ணீர் கண்ணில் தங்காமல் காய்ந்துவிடுகிறது. காய்கிற எரிச்சலில்தான் இப்படி வழிகிறது. ஒரேயடியாகப் போகாது, பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் வெதுவெதுப்பான ஒத்தடம், இமையைச் சுத்தம் செய்வது, சொட்டு மருந்து, கொஞ்ச நாளைக்கு மாத்திரை.

நீங்கள் விடவில்லை. "சூட்டுல வந்த நோவுக்குச் சூடே வெக்கச் சொல்றீங்களே சார்?"

"நெய் உறைஞ்சு போனா என்னம்மா பண்ணுவீங்க?"

"உருக்குவேன்."

"அதேதான்."

நான் எழுந்துவிட்டேன். நீங்கள் எழவில்லை. நீங்கள் வந்த காரியம் அப்போதுதான் வெளியே வந்தது. "அப்ப இது அழுது வர்றது இல்லியே சார்?" இல்லை என்றார். "அத அந்தச் சீட்டுலயே எழுதிக் குடுத்துருங்க. எங்க தெருவுல படிக்கிற மாரி, தமிழ்ல." டாக்டர் சிரித்துக்கொண்டே மருந்துகளுக்குக் கீழே எழுதினார்: இது அழுவதால் வருவது அல்ல.

வழியில் ஜெராக்ஸ் கடையில் நின்று அதற்கு லேமினேஷன் போட்டீர்கள். மருந்துக்கடைக்குப் போனது அதற்கு அப்புறம்தான். அந்த அட்டை உங்கள் பர்ஸோடு ரேஷன் கடைக்குப் போனது, கோயிலுக்குப் போனது, வண்டலூரில் ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடப் போனது. எனக்கு ஆத்திரம் வந்தது. "என் மானமே போகுது அத்தை" என்றேன். "உன் மானம் இன்னாத்துக்குடி போவுது? போனது என் மானம். அத நான் மீட்டுகினு வரேன்" என்றீர்கள். அன்றுதான் முதல்முறையாக என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

டாக்டரைப் பார்த்த மறுநாளிலிருந்து பானை மூடிமேல் துணி. மடிப்பைத் திருப்பி, முதலில் உங்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பீர்கள். "என் கண்ணு தாங்கிச்சுனா உன் கண்ணு தாங்கும்." சூடு அதிகமென்றால் ஊதுவீர்கள், ஆறிவிட்டால் மறுபடி மூடிமேல் போடுவீர்கள். சித்திரை வெயிலில் என் முகத்தில் காற்றடிக்கக் கூடாதென்று மின்விசிறியைக் குறைத்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சில மாதம் கண் நன்றாக இருக்கும், சில மாதம் படுத்தும். அது பாட்டுக்கு இருந்தது, நாமும் நம் பாட்டுக்கு இருந்தோம்.

பல வருடம் போனபின் ஒரு பரிசோதனையில், கண்ணீர் சுரப்பதே குறைந்துவிட்டது என்றார் டாக்டர். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

"அப்ப அழுதா?"

"அழுதாலும் எரியத்தான் செய்யும். தண்ணி வராது அத்தை."

நீங்கள் கீரைத்தண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தீர்கள். மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

போன ஐப்பசியில், நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன ஒரு மணி நேரத்தில் போய்விட்டீர்கள். மறுநாள் காலை கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள், தலைமாட்டில் ஊதுவத்திப் புகை. தெருவே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. உள்ளே எல்லாம் உடைந்துகொண்டிருந்தது, கண் மட்டும் காய்ந்து எரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது அத்தை. அன்று என் கண்ணைப் பார்த்து உங்களைப் பேசிய தெரு, இன்று அதே கண்ணைப் பார்த்து என்ன சொல்லும்? மாமியார் செத்ததற்கு மருமகள் கல்லாக உட்கார்ந்திருக்கிறாள் என்றுதானே? பேர் போவது பெரிதில்லை. உங்களை நான் நேசிக்கவில்லை என்று உங்கள் முன்னாலேயே நினைப்பார்களே என்றுதான் துடித்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

யாரோ என் முந்தானையை விலக்கினார்கள். சரோஜா அக்கா. சாவு வீட்டில் அடுப்பு எரியாதென்று தன் வீட்டில் சூடு பண்ணிய ஒரு துணியைக் கையில் வைத்திருந்தார்.

"மூஞ்ச மூடாதம்மா. கண்ண மூடு, இத வெச்சிக்கோ. எங்க எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிட்டுத்தான் போயிருக்கா. அந்த அட்டைய காட்டிக்காட்டி, 'நான் செத்தா என் மருமவ கண்ணுல தண்ணி வராது. வரலியேன்னு எவளாச்சும் ஒரு வார்த்த பேசினீங்க, எழுந்து வந்து கேப்பேன்'னு சொன்னா."

சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்கும் சேர்த்து அவர் அழுதார். நான் துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்திருந்தேன். உங்களை எடுக்கும்வரை யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அட்டை இப்போது என் கைப்பையில் இருக்கிறது. ஓரம் பிரிந்து, அந்தத் தமிழ் வரி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இதுவரை யாரிடமும் காட்டவேண்டி வரவில்லை. காட்டவேண்டிய இடத்திலெல்லாம் நீங்கள் காட்டி முடித்துவிட்டீர்கள்.

துணியைத்தான் இன்னும் சரியாக வைக்கத் தெரியவில்லை அத்தை. சில நாள் சுடுகிறது, சில நாள் ஆறிப்போகிறது. மூடிமேலிருந்து எடுத்ததும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன். முதலில் நீங்கள் வைத்துப் பார்க்க வேண்டுமே.