சவேரிக்கு முதல் மெழுகுவர்த்தி

28-10-73, ஞாயிறு. லாங் ஐலண்ட்

மழை. போர்ட் பிளேரில் போட் ஏறும்போது பிடித்தது, இங்கே இறங்கும்வரை விடவில்லை. இரண்டு தடவை வாந்தி. பக்கத்தில் இருந்த பெரியவர் எலுமிச்சம்பழம் கொடுத்து, "மெயின்லேண்ட் சே ஆயி ஹோ க்யா?" என்றார். மெயின்லேண்டிலிருந்து வந்தவள் இல்லை, இங்கேயே வளர்ந்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஹிந்தி மறந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பதினேழு வருஷம். அப்பாவும் அம்மாவும் இரண்டு தடவை ஊருக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான்தான் வரவில்லை. லீவு இல்லை, டிக்கெட் இல்லை, உடம்பு சரியில்லை. நாலு வருஷத்துக்கு முன் அப்பா போனபோது, கப்பல் கிடைக்கவில்லை என்று எழுதினேன். கப்பல் இருந்தது. இதை இங்கே மட்டும் எழுதலாம்.

படகுத்துறை ஜெட்டியில் அம்மா. இளைத்துவிட்டாள். கண்ணில் புரை, என்னை அடையாளம் தெரிய கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒருத்தி. தான் முழுக்க நனைந்து, அம்மா மேல் ஒரு சொட்டு விழாமல். என் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "வாங்க ரோசிக்கா" என்றாள். என் பெயர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். பிறகு தெரிந்தது. மாலதி. மரக் கிடங்கில் வேலை பார்த்த வங்காளியின் மகள்.

இனி மா. என்றே எழுதப்போகிறேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

29-10, திங்கள்

வெயில், மழை, வெயில். துணி எதுவும் காயவில்லை.

மா. இந்த வீட்டில் செய்கிறவை: விடிகாலை காபி. அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து. மீன் கழுவுவது. கோழி அடைப்பது. அம்மாவின் முதுகுக்குத் தைலம். கூரைத் தகரத்துக்கு ஆணி. (ஆணிகூட!) தன் வீடு பத்து அடி தள்ளி. புருஷன் மாயாபந்தரில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருகிறான். மற்ற நேரமெல்லாம் இங்கேதான்.

நான் இந்த வீட்டில் செய்கிறவை: உட்கார்ந்திருப்பது. துடைப்பத்தை எடுத்தால், "நீ வையி, ரோசி. டீச்சர் கையி" என்கிறாள் அம்மா. விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி.

மா.வை மட்டும் "ஏட்டி", பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரி. ஏட்டி அதை எடு, ஏட்டி எங்க போன, ஏட்டி உனக்குக் கூறு இருக்கா. நாள் முழுக்கத் திட்டு. மா. சிரித்துக்கொண்டே பதிலுக்குத் திட்டுகிறாள், அதுவும் எங்கள் தூத்துக்குடிக் கரைத் தமிழில். பாளையங்கோட்டை ஹாஸ்டல் என் நாக்கிலிருந்து கழுவிவிட்ட தமிழ். ஒரு வங்காளி வாயில் அது சுத்தமாக உட்கார்ந்திருக்கிறது.

மதியம் இன்னொன்று. பலசரக்குச் சீட்டு எழுதினாள். எட்டிப் பார்த்தேன். அந்தக் கையெழுத்து. சாய்வு இல்லாமல், குண்டு குண்டாக. பத்து வருஷமாக மாதம் ஒரு கடிதம் வரும், "அன்புள்ள மகள் ரோசிக்கு" என்று. அம்மா சொல்லக் கோயில் உபதேசியார் எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் பைபிளோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.

"அப்பாதான் எழுதச் சொல்லிக் குடுத்தாரு" என்றாள். அப்பா என்றால் என் அப்பா. அவளுடையவர் பாபா. எனக்கு 'அ' சொல்லிக்கொடுத்தது ஒரு கன்னியாஸ்திரி, பிரம்போடு.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மீன் அருமையாக இருந்தது. அதுதான் காரணம்.

30-10, செவ்வாய்

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று நாள். சவேரியின் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போனோம். மேட்டின் மேல், கடலைப் பார்த்து. என் தம்பி சவேரி, ஆறு வயது. எழுதும்போது இன்னும் விரல் நிற்கிறது.

வழி எனக்குத் தெரியவில்லை. மா. முன்னால், அம்மா அவள் தோளைப் பிடித்து, நான் கடைசியில் சுண்ணாம்பு வாளியோடு. வாளியையாவது கொடுத்தார்கள்.

எங்கே நண்டு வளை தோண்டும், சிலுவையின் எந்தக் கை உளுத்திருக்கிறது, சுண்ணாம்பில் எத்தனை சிட்டிகை நீலம். எல்லாம் அவளுக்குத் தெரிகிறது. "போன வருஷம் நீலம் கூடிப்போச்சு, அம்மா திட்டுனாவ" என்று என்னிடம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தம்பி என்னுடையவன்.

இங்கே காற்று அதிகம். அதனால் மெழுகுவர்த்தியைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் நிறுத்திக் கொளுத்துவார்கள். முதலில் ஒன்று, அதிலிருந்துதான் மற்றவை. முதல் மெழுகுவர்த்தியை இறந்தவருக்கு நெருங்கியவர் கொளுத்த வேண்டும். இறங்கும்போது கேட்டேன்.

"அம்மா, இந்த வருஷம் முதல் மெழுகுவர்த்தி நான் கொளுத்துதேன்."

"அது மாலதிக்கு உள்ளது."

"நான் அவன் அக்கா."

அம்மா மா.வின் தோளை விட்டுவிட்டு நின்றாள். மா. காதில் விழாத தூரத்துக்குப் போகட்டும் என்று காத்திருந்தாள். "சவேரி தவறுன வருஷம் இந்தத் தீவுல ஒருத்தரும் அந்தப் பிள்ள மொகத்தப் பாக்கல. இவ கூப்ட்டுதான் அவன் தெப்பத்துல ஏறுனான்னு பேசிப் பேசி... ஏழு வயசுப் பிள்ள. அந்தத் திருநாளைக்கு எல்லாரும் பாக்க அவ கையில தீப்பெட்டியக் குடுத்தேன். கடைசியா அவன் உன் பேச்சக் கேட்டுத்தான வந்தான், நீயே கொளுத்துன்னேன். அன்னைலருந்து அவதான்."

வாளியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தேன்.

மாலை. யோசித்துப் பார்த்தால் ஒரு சமாதானம் கிடைக்கிறது. மா. இங்கே ஒட்டிக்கொண்டிருப்பது பாசத்தால் இல்லை, குற்ற உணர்ச்சியால். மகள் மாதிரி இல்லை, தண்டனை மாதிரி. இதை எழுதியதும் கொஞ்சம் பசித்தது. இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன்.

எவ்வளவு கேவலமானவள் நான்.

31-10, புதன்

காலை வெயில். தெப்பம் கட்டும் இடத்துக்குத் தனியாகப் போனேன். மாறவே இல்லை. ஆற்று வாயில் மரக்கட்டைகள். மிதக்காத கட்டைகளை மிதக்கும் கட்டைகளோடு சேர்த்துக் கட்டி, போட் வைத்து இழுத்துப் போவார்கள். இந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் சொல்லிக்கொடுப்பது: வெளுத்த கட்டையில் மட்டும் கால் வை. கறுத்த கட்டை தண்ணீருக்கு ஓர் அங்குலம் கீழே கிடக்கும், திடமாகத் தெரியும், மிதித்தால் உருளும்.

எழுதிவிடுகிறேன்.

அப்பா போர்ட் பிளேரிலிருந்து சவேரிக்குச் சிவப்புத் தொப்பி வாங்கி வந்தார். எனக்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பதினொன்று. மூன்று நாள் அவனோடு பேசவில்லை. தெப்பத்தின் மறு ஓரத்தில் நானும் மா.வும் உட்கார்ந்திருந்தோம். அவன் கரையில், தொப்பியோடு. "பயந்தாங்கொள்ளி, வா பாக்கலாம்" என்றேன். விழுந்து தொப்பி நனையட்டும் என்றுதான். சத்தியமாக அதற்கு மேல் இல்லை. வந்தான். கறுத்த கட்டை உருண்டது, அவன் உள்ளே போனான், மேலே கட்டைகள் சேர்ந்துகொண்டன. தொப்பி மட்டும் நனையாமல் வெளுத்த கட்டை மேல் கிடந்தது.

"யார் கூப்ட்டா?" என்று அப்பா கேட்டார். மா.வைக் கை காட்டினேன். அவளுக்கு அப்போது ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. யார் என்ன கேட்டாலும் பயத்தில் தலையாட்டினாள். அடுத்த மாதமே என்னை ஊருக்கு அனுப்பினார்கள், பிள்ளை பயந்துபோயிருக்கிறாள் என்று.

ஆக, அந்த முதல் மெழுகுவர்த்தி எனக்கு உள்ளதுதான். அம்மா சொன்ன அதே காரணத்துக்காக.

கூலிப் பெண்கள் இருவர் கடந்து போனார்கள். "கோன் ஹை?" "மாலதி கீ அம்மா கீ பேட்டி." யாரென்று ஒருத்தி கேட்க, மாலதியோட அம்மாவின் மகளாம். இவ்வளவு ஹிந்தி எனக்குப் புரிகிறது.

1-11, வியாழன். சகல புனிதர் நாள்

மேகம். அம்மா பக்கத்து வீட்டம்மாவோடு ஜெபத்துக்குப் போயிருந்தாள். மா. அடுக்களையில் சிரட்டை சீவிக்கொண்டிருந்தாள். நான் கதவு நிலையில் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"சவேரியை நீ கூப்பிடலை. நான்தான் கூப்பிட்டேன்."

"என்னைக்கு?"

"அன்னைக்கு. தெப்பத்துல."

"இல்ல ரோசிக்கா, நான்தான்." எனக்கு ஆறுதல் சொல்கிற குரல். "எனக்கு ஞாபகம் இருக்கு. கை ரெண்டையும் நீட்டிக் கூப்ட்டேன். கனவுலகூட அப்பிடித்தான் வரும்."

"நான் கை காட்டினேன், அதனால எல்லாரும் சொன்னாங்க. சொல்லிச் சொல்லி உனக்கு அப்படி ஆயிடுச்சு."

கத்தி நின்றது. "மத்லப்... அப்பிடின்னா, நான் கூப்பிடலியா?"

"இல்லை."

"ஒரு தடவகூட?"

"இல்லை."

"எங்க பாபா அன்னைக்கு அடிச்ச அடியில இந்தக் காது..." என்று தொட்டுக் காட்டினாள். முடிக்கவில்லை. சீவிய சிரட்டைகளை அடுக்கினாள். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கை கழுவினாள். குடை எடுக்காமல் இறங்கிப் போனாள்.

அந்தக் கனவு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதுவும் அவளுக்கே போயிருக்கிறது.

சாயங்காலம். அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடும் நேரம். "மாலதி எங்க?" மூன்று தடவை கேட்டாள். நான் விடட்டுமா என்றேன். "அவ வரட்டும்." அப்போது சொன்னேன், எல்லாவற்றையும், தொப்பி உட்பட.

அம்மா மருந்துக் குப்பியைத் தடவி எடுத்து மூடினாள். பிறகு, "தொப்பிக்காகவா?"

"ஆமாம்."

"உனக்குக் கவுனு அடுத்த போட்ல வந்துது. தைக்கக் குடுத்திருந்தாரு. பொட்டலத்த யாரும் பிரிக்கல."

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சோறு வடிக்கவில்லை. நானும் வடிக்கவில்லை. கோழிகளை மட்டும் அடைத்தேன், ஒன்று குறைகிறது.

2-11, வெள்ளி. கல்லறைத் திருநாள்

மா. வரவில்லை. காபி நான் போட்டேன். அம்மா குடிக்கவில்லை, ஆறிப்போனதும் கோழிப் பாத்திரத்தில் ஊற்றினாள்.

மேட்டில் ஏறும்போது கை நீட்டினேன். சுவரோரம் கிடந்த கம்பை எடுத்துக்கொண்டாள். கண் தெரியாமல், தடவித் தடவி, என்னைத் தொடாமல். பின்னாலேயே போனேன், விழுந்தால் பிடிக்க. விழவில்லை.

மேலே இருபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் நம் ஆட்கள். மற்றவர்கள் மரவேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்கள், வேடிக்கைக்கு வந்த ஒன்றிரண்டு வங்காளிகள். உபதேசியார் ஜெபம் முடித்ததும் எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். மா.வைத் தேடினார்கள். யாரோ, "மாலதி கஹாங்?" என்றது கேட்டது.

அம்மா மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். சத்தமாகவே சொன்னாள், எல்லாருக்கும் கேட்க: "என் மகனக் கூப்ட்டது மாலதி இல்ல. என் மகதான்." அதையே ஹிந்தியிலும் சொன்னாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

"நீதான கேட்ட. ஏட்டி, கொளுத்து."

ஐந்து நாளாக எந்த வார்த்தைக்கு ஏங்கினேனோ அது வந்தது. இப்படி வந்தது.

முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது உடைந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, வந்திருக்கவும் கூடாது. மூன்றாவதில் பிடித்தது. சிரட்டைக்குள் நிறுத்தினேன். அவன் பெயர் சொல்லி அழுதேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவை சத்தம் போட்டு.

நிமிர்ந்தபோது மா. நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் தெரியாது. தலை ஈரம், கண் வீங்கி, கையில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்க்கவில்லை. நேராக அம்மாவிடம் போனாள்.

"வந்தியா" என்றாள் அம்மா.

"மருந்து போட்டியளா?"

"இல்ல."

"நேத்தும் போடலியா? கூறு இருக்கா உங்களுக்கு?" என்று வைதாள். அம்மா அழுதாள். மா. தன் முந்தானையால் அம்மாவின் கண்ணைத் துடைத்து, மழை வருது, இறங்குவோம் என்றாள்.

அம்மா கம்பைக் கீழே போட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இறங்கினார்கள். குற்ற உணர்ச்சியால் வருகிறாள் என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறேன். இன்று அவளிடம் அது இல்லை. வர ஒரு காரணமும் இல்லை. வந்தாள்.

நான் பின்னால், கம்பையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.